போர்க்கப்பல் மியூசியம் போர்டில் சேருகிறவர்களுக்கு

அமெரிக்கக் கடற்படை ஓய்வுபெற்ற கப்பல்களை இலவசமாகத் தருகிறது. பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்ட ஒரு போர்க்கப்பலை ஒரு மாநிலத்துக்கோ, நகராட்சிக்கோ, லாப நோக்கமில்லாத அமைப்புக்கோ நன்கொடையாகக் கொடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. அதே சட்டத்தில் இன்னொரு வரியும் உண்டு: இதனால் அரசாங்கத்துக்குச் செலவு எதுவும் வரக்கூடாது. முதல் வரியைக் கேட்டுவிட்டுத்தான் எல்லோரும் போர்டில் சேருகிறார்கள். சேர்ந்த பிறகு வாழ்க்கை நடப்பதெல்லாம் இரண்டாவது வரியில்.

நான் அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரைப் பக்கம் ஓர் ஊரில் இருக்கிறேன். தொழில் கணக்கு. எங்கள் ஊர் ஆற்றங்கரையில் கட்டிப்போட்டிருக்கும் ஒரு பழைய போர்க்கப்பலை மியூசியமாக நடத்தும் அமைப்பில் சில வருடங்களாகப் போர்டு மெம்பர். கப்பலின் பெயரும் ஊரும் வேண்டாம். எழுதப்போவதில் சில விஷயங்கள் கூட வேலை செய்கிறவர்களைச் சங்கடப்படுத்தும். என்னை அழைத்ததற்குக் கப்பல் ஆர்வம் காரணமில்லை. திருச்சியில் வளர்ந்த எனக்குப் பரிசலைத் தாண்டி மிதக்கிற எதுவும் தெரியாது. அவர்களுடைய பொருளாளருக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது, கணக்குத் தெரிந்த ஒருத்தி வேண்டும், அவ்வளவுதான். என்னோடு ஒரு வங்கி அதிகாரி, ஹோட்டல் நடத்தும் ஓர் அம்மா, நில விவகாரம் பார்க்கும் ஒரு வக்கீல் எல்லோரும் ஒரே சமயத்தில் சேர்ந்தார்கள். நால்வரில் ஒருவர்கூடக் கடற்படையில் இருந்ததில்லை. ஏற்கனவே இருந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் முன்னாள் மாலுமிகள்.

இந்த மாதிரி போர்டுகளுக்கு இப்போது ஆள் தேவை அதிகம். கப்பலைக் காப்பாற்றிக் கொண்டுவந்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது. அதனால் நம்மவர்களுக்கும் அழைப்பு வருகிறது. ஐடி தெரிந்தவர், கணக்கு தெரிந்தவர், கம்பெனியில் நன்கொடைக்குச் சொல்லக்கூடியவர் என்று தேடுகிறார்கள். போன மாதம்கூடத் தமிழ்ச் சங்கத்தில் ஒரு தம்பி, "அக்கா, என்னையும் ஒரு கப்பல் போர்டுல கூப்பிடுறாங்க. ரெஸ்யூமேல நல்லா இருக்கும்ல?" என்று கேட்டார். நல்லா இருக்கும்தான். ஆனால் கையெழுத்துப் போட்ட நிமிடம் முதல், தண்ணீரில் துருப்பிடித்துக்கொண்டிருக்கும் சில ஆயிரம் டன் இரும்புக்கு அவரும் பொறுப்பு. அதை யாரும் அழைப்புக் கடிதத்தில் எழுதுவதில்லை.

முதல் கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். அஜெண்டாவில் கடையில் விற்கும் டி-ஷர்ட், ஜூலை நாலாம் தேதி பீரங்கி வெடிக்கும் நிகழ்ச்சி, மேல்தளத்துக்கு எந்தச் சாம்பல் நிறம் என்று ஒவ்வொன்றாக வந்தது. சாம்பலில் இத்தனை வகை இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். போர்க்காலச் சாம்பல் வேறு, அதற்குப் பிந்தைய சாம்பல் வேறாம். இரண்டு பெரியவர்களுக்கு அதில் கிட்டத்தட்டச் சண்டையே வந்துவிட்டது. கடைசியில், எல்லோரும் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தபோது, கப்பல் மேலாளர் "பின்பக்கப் பம்ப் இப்போது அடிக்கடி ஓடுகிறது" என்றார். சரி, அடுத்த தடவை பேசலாம் என்று முடித்துவிட்டார்கள்.

இதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். கூட்டமாக உட்கார்ந்தால் மனிதர்கள் தங்களுக்குப் புரிகிற விஷயத்தைத்தான் பேசுவார்கள், டி-ஷர்ட் எல்லோருக்கும் புரியும். புதிதாக வந்தவருக்கு இருக்கும் ஒரே வசதி, அசட்டுக் கேள்வி கேட்கலாம். நான் கேட்டேன்: "பம்ப் அடிக்கடி ஓடினால் என்ன அர்த்தம்?" தண்ணீர் உள்ளே வருகிறது என்று அர்த்தம். "எங்கிருந்து?" அதற்குத்தான் பதில் இல்லை. அப்போது வாயில் வந்த ஒரு யோசனை இன்றும் எங்கள் போர்டில் நடைமுறையில் இருக்கிறது: ஹல், அதாவது தண்ணீருக்குள் இருக்கும் அடியுடல், அஜெண்டாவில் முதல் ஐட்டம். பம்ப் ஓடிய நேரம், அலாரம் அடித்த தேதி, மேலாளர் சொல்ல நினைப்பது, இவை முடிந்த பிறகுதான் மற்றவை. டி-ஷர்ட் காத்திருக்கும்.

அடுத்த வாரம் மேலாளர் எங்கள் நால்வரையும் கீழே கூட்டிப்போனார். கூட வந்தவர் கப்பலில் பாய்லர் அறையில் வேலை பார்த்த ஒரு பெரியவர். எல்லோரும் அவரைச் சீஃப் என்றுதான் கூப்பிடுவார்கள். பார்வையாளர்கள் போகும் தளத்துக்குக் கீழே இன்னும் தளங்கள் உண்டு என்பதே ஹோட்டல் அம்மாவுக்கு அதிர்ச்சி. செங்குத்து இரும்பு ஏணி, கையுறை போடாவிட்டால் உள்ளங்கையில் துரு ஒட்டும். உள்ளே பழைய எரிஎண்ணெய் வாடை, புதுப் பெயிண்ட் வாடை, இரண்டுக்கும் அடியில் சேறு வாடை. கோடைகாலத்திலும் சுவர் வியர்த்திருந்தது, ஏனென்றால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு.

தகட்டில் சாக்பீஸால் வட்டம் போட்டுத் தேதி எழுதியிருந்தார்கள். ஒரு மூலையில் சிமெண்ட் கட்டி மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஓட்டை விழுந்த இடத்தைச் சுற்றி மரச்சட்டம் அடித்துச் சிமெண்ட் ஊற்றி அடைப்பது கடற்படையின் பழைய வழக்கம் என்றார் சீஃப். பக்கத்தில் கூம்பு வடிவ மரத்தக்கைகள் ஒரு வாளி நிறைய. சின்ன ஓட்டை என்றால் அதில் ஒன்றைச் சுத்தியலால் அடித்து இறக்கிவிடுவார்களாம், மரம் தண்ணீரில் ஊறி இறுகிவிடும். வங்கி அதிகாரி, பார்க்கலாம் என்று, கையிலிருந்த டார்ச்சின் அடிப்பாகத்தால் தகட்டைத் தட்டப் போனார். சீஃப் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "இந்தப் பக்கம் தட்டாதீங்க." குரல் உயரவில்லை, ஆனால் எல்லோரும் ஒரு படி பின்னால் வந்தோம்.

மேலே வந்த பிறகு மேலாளர் ஒரு வரைபடத்தை விரித்தார். அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துத் தகட்டின் தடிமனைப் புள்ளி புள்ளியாக அளந்து, கட்டியபோது இருந்ததில் எவ்வளவு மிச்சம் என்று பச்சை, மஞ்சள், சிவப்பில் குறித்த படம். சிவப்பு பெரும்பாலும் ஒரே கோட்டில் இருந்தது. நீர்மட்டம் ஏறி இறங்கும் அந்தப் பட்டையில் காற்றும் தண்ணீரும் மாறி மாறிப் படுவதால் இரும்பு அங்கேதான் சீக்கிரம் கரையும். அந்தப் படம் எடுத்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்டேன். படத்தின் ஓரத்தில் இருந்த தேதியைப் பார்த்து வக்கீல் விசில் அடித்தார்.

இது எங்கள் கப்பலின் தனிக்கதை இல்லை. 2022 ஏப்ரலில், பஃபலோ நகரத்தில் மியூசியமாக இருந்த யுஎஸ்எஸ் தி சல்லிவன்ஸ் என்ற டெஸ்ட்ராயர், கட்டியிருந்த இடத்திலேயே தண்ணீர் புகுந்து பாதி மூழ்கிச் சாய்ந்துவிட்டது. 1942-ல் ஒரே கப்பலில் இறந்துபோன ஐந்து சகோதரர்களின் பெயரைத் தாங்கிய கப்பல். அங்கே இருந்தவர்கள் அசட்டையாக இருந்துவிடவும் இல்லை. நன்கொடை திரட்டி, முந்தைய வருடமே தகட்டை ஒட்டும் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். தண்ணீர் குளிர்ந்துவிட்டதால் வசந்தகாலம் வரை நிறுத்தி வைத்திருந்தார்கள். கப்பல் அதுவரை காத்திருக்கவில்லை. இந்தச் செய்தி வந்த அன்று எங்கள் போர்டின் வாட்ஸாப் குழுவில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் சீஃப் மட்டும், நம் அலாரத்தைச் சோதித்துவிட்டேன் என்று ஒரு வரி போட்டிருந்தார்.

டெக்சாஸ் போர்க்கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 1914-ல் பணியில் சேர்ந்து இரண்டு உலகப் போர்களையும் பார்த்தது, 1948 முதல் மியூசியம். ஒரு கட்டத்தில் நிமிடத்துக்குச் சுமார் 2,000 கேலன் தண்ணீரைப் பம்ப் வைத்து இறைத்துத்தான் அதை மிதக்க வைத்திருந்தார்கள். டெக்சாஸ் சட்டமன்றம் 2019-ல் 3.5 கோடி டாலர் ஒதுக்கி, நடத்தும் பொறுப்பை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. 2022 ஆகஸ்ட் 31 அன்று, பக்கவாட்டு அறைகளில் நுரையை அடைத்து, இழுவைப் படகுகள் அதை கால்வெஸ்டன் டிரை டாக்குக்கு, அதாவது தண்ணீரை வெளியேற்றிவிட்டுக் கப்பலின் அடிவரை பழுது பார்க்கும் இடத்துக்கு, கொண்டுபோயின. அதற்கு முன் டிரை டாக் பார்த்தது 1980-களின் கடைசியில். நியூஜெர்சி போர்க்கப்பலும் அப்படித்தான். முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து, 2024-ல் பிலடெல்ஃபியாவில், தான் கட்டப்பட்ட அதே துறைமுகத்தில் டிரை டாக் ஏறியது. செலவு சுமார் ஒரு கோடி டாலர். அதில் அவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம் எனக்கு மிகவும் பிடிக்கும்: தண்ணீர் இல்லாத டாக்கில் கப்பலுக்கு அடியில் நடந்து பார்க்கத் தலைக்கு 225 டாலர் டிக்கெட் வைத்தார்கள். மக்கள் வரிசையில் நின்றார்கள்.

நிமிடத்துக்கு இத்தனை கேலன், இத்தனை கோடி என்று கேட்டால் புதிதாக வருகிறவருக்குப் பயம் வரும். வர வேண்டியதுதான். ஆனால் கணக்கு தெரிந்தவருக்கு இதில் ஒரு எளிய வழி தெரியும். டிரை டாக் என்பது விபத்தில்லை, வரப்போவது தெரிந்த செலவு. இருபது வருடத்துக்கு ஒரு முறை வரும் என்றால் இருபதில் ஒரு பங்கை ஒவ்வொரு வருடமும் தனியே எடுத்து வைக்க வேண்டும். எங்கள் பட்ஜெட்டில் அப்படி ஒரு வரியே இல்லை. இப்போது இருக்கிறது. அதில் விழும் தொகை தேவைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை, அது வேறு விஷயம். ஆனால் வரி ஒன்று இருந்தால் வருடாவருடம் யாராவது அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அந்த முகச்சுளிப்புக்குப் பலன் உண்டு.

பணத்தில் இன்னொரு விஷயம், இது எல்லா நன்கொடை அமைப்புக்கும் பொருந்தும் என்றாலும் கப்பலில் உயிர்ப்பிரச்சினை. வங்கியில் இருப்பதெல்லாம் செலவழிக்கலாம் என்று நினைக்கக்கூடாது. கப்பலில் சமையல்காரராக இருந்த ஒருவரின் மனைவி, அந்தச் சமையலறையைப் பழையபடி ஆக்குவதற்கென்று ஒரு நல்ல தொகை கொடுத்திருந்தார். குளிர்காலத்தில் பம்ப் மோட்டார் எரிந்துபோனபோது, "அதிலிருந்து எடுத்துக்கொண்டு அப்புறம் போட்டுவிடலாமே" என்று ஒருவர் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், கப்பல் இல்லாவிட்டால் சமையலறை ஏது என்று நியாயமும் பேசினார். முடியாது. குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கொடுத்த பணம் அந்த நோக்கத்துக்கு மட்டும்தான். மீறினால் சட்டப்படியே சிக்கல், அந்த அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பது அதைவிடப் பெரிய சிக்கல். மோட்டாருக்கு வேறு வழியில் பணம் புரட்டினோம். அதற்குப் பிறகு மாதாந்திர அறிக்கையை ஒரே பக்கமாக மாற்றினேன். மேலே பெரிய எழுத்தில் ஒரே கேள்வி: நிபந்தனை இல்லாத பணம் எத்தனை மாதத்துக்கு வரும்? மொத்த இருப்பு கீழே, சின்ன எழுத்தில்.

அரசு மானியமும் அப்படித்தான், கேட்கும்போது இனிக்கும். 'சேவ் அமெரிக்காஸ் ட்ரெஷர்ஸ்' என்ற மத்திய மானியத்தில் அவர்கள் ஒரு டாலர் கொடுத்தால் நாமும் ஒரு டாலர் காட்ட வேண்டும். பல மானியங்களில் முதலில் நாம் செலவு செய்துவிட்டு ரசீதைக் காட்டித்தான் பணம் வாங்க முடியும். ஆக, மானியம் கிடைத்தது என்று கேக் வெட்டுவதற்கு முன்னால் கைமாற்றுக்கு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிக்கெட் விற்பனையும், சாரணர் பிள்ளைகள் கப்பலில் ஓர் இரவு தங்கும் நிகழ்ச்சியும், கல்யாண வாடகையும் சம்பளத்துக்கும் கரண்டுக்கும் சரியாகப் போகும். ஹல்லுக்கு வராது.

பெரியவர்களோடு எப்படிப் பழகுவது? கணக்கைவிட இதுதான் கஷ்டம். அவர்கள் அந்தக் கப்பலை, இல்லை அதேபோன்ற கப்பலை, பத்தொன்பது வயதில் பார்த்தவர்கள். நாம் எக்செல் ஷீட்டோடு வந்து உட்கார்ந்து "இது லாபமில்லை" என்றால் அவர்கள் காதில் வேறு மாதிரி விழும். ஆரம்பத்தில் சீஃப் என்னோடு பேசவே மாட்டார். ஒரு நாள் காபி நேரத்தில், எங்கள் ஊர்ப்பக்கம் கடற்படைக் கதை ஏதாவது உண்டா என்று சும்மா கேட்டார். 1914 செப்டம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து சென்னை மேல் குண்டு போட்டதையும், உயர் நீதிமன்ற வளாகத்தில் அதற்கு இன்றும் கல்வெட்டு இருப்பதையும் சொன்னேன். எம்டன் என்ற பெயரைக் கேட்டதும் மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தது, பிறகு கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை முடித்தது, எல்லாம் எனக்கு மேலாக அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கப்புறம் ஹல் விஷயத்தில் போர்டில் எனக்கு முதல் ஆதரவு அவர்தான். பாய்லர் அறையில் இருந்தவருக்குத் தண்ணீர் உள்ளே வருவது என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை.

புதியவர்கள் தடுக்கி விழும் இன்னொரு இடம், சனிக்கிழமை வேலை. தன்னார்வலர்களோடு சேர்ந்து துரு சுரண்டுவது நல்ல அனுபவம், கட்டாயம் போங்கள். ஆனால் கையில் சுரண்டி இருக்கும்போது நீங்கள் போர்டு மெம்பர் இல்லை, மேலாளர் சொல்வதைக் கேட்கும் ஓர் ஆள். எங்களிடம் ஒருவர் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து, "அந்தக் கதவை முதலில் முடிங்க" என்று ஆட்களை ஏவ ஆரம்பித்தார். மேலாளருக்கு யார் பேச்சைக் கேட்பது என்று தெரியவில்லை. பழைய கப்பல்களில் ஆஸ்பெஸ்டாஸும் ஈயப் பெயிண்டும் இருக்கும். எந்த இடத்தைச் சுரண்டலாம், எதைத் தொடக்கூடாது என்பது ஒருவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

அப்புறம், உறவுக்காரர் கம்பெனி. பெயிண்ட், வெல்டிங், இழுவைப் படகு என்று எல்லாவற்றுக்கும் யாருக்காவது ஒரு மச்சான் இருப்பார், விலையும் குறைவாகச் சொல்வார். தப்பில்லை. அந்த உறவைப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஓட்டெடுப்பு நடக்கும்போது அறைக்கு வெளியே போய்விட வேண்டும், அதை மினிட்ஸில் எழுத வேண்டும். வருமான வரித்துறைக்கு வருடாவருடம் கொடுக்கும் 990 படிவத்திலேயே, இப்படி ஒரு கொள்கை இருக்கிறதா, இந்தப் படிவத்தைப் போர்டு பார்த்ததா என்று கேள்விகள் உண்டு. அந்தப் படிவம் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது. சேருவதற்கு முன்னால் நீங்களும் எடுத்துப் படிக்கலாம். கூடவே மூன்று தாள் கேளுங்கள்: கடற்படையோடு போட்ட நன்கொடை ஒப்பந்தம், கப்பல் நிற்கும் இடத்துக்கான குத்தகை, கடைசியாக எடுத்த ஹல் அளவுப் படம். போர்டு மெம்பர்களுக்கான பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். தயங்கித் தயங்கிக் கொடுத்தால் அதுவே ஒரு பதில். குத்தகை சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஹேக்கன்சாக்கில் லிங் என்ற நீர்மூழ்கி, கரை நிலம் கைமாறும் சமயத்தில் நகரவும் வழியில்லாமல் ஆற்றில் மாட்டிக்கொண்டு, 2018-ல் யாரோ உள்ளே புகுந்து மூடிகளைத் திறந்துவிட, தண்ணீர் நிறைந்துபோனது.

கப்பல் இன்னும் கைக்கு வராத திட்டம் என்றால் இன்னும் ஜாக்கிரதை. ரேஞ்சர் என்ற விமானந்தாங்கிக்கு ஓர் அமைப்பு வருடக்கணக்கில் முயன்றது; கடைசியில் அது உடைக்கப் போனது, உடைப்பவருக்குக் கடற்படை கொடுத்த தொகை ஒரு சென்ட். ஜாக்சன்வில்லில் சார்ல்ஸ் எஃப். ஆடம்ஸ் என்ற கப்பலுக்குத்தான் ஆசைப்பட்டார்கள், கிடைக்கவில்லை. 2022-ல் ஓர்லெக் என்ற வேறொரு டெஸ்ட்ராயரைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரே கப்பல் மேல் பிடிவாதம் பிடிக்காததுதான் அவர்களைக் காப்பாற்றியது என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் நாலு பேர் தொகுதிக்குப் பிறகு இன்னும் சிலர் சேர்ந்தார்கள். இப்போது அவர்களை முதலில் கூட்டிப்போவது அந்த ஏணிக்குத்தான். பிறகுதான் தாள்கள், பிறகு சாப்பாடு. அதில் ஒருவர் மேலே வந்ததும் யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர், போனவர்தான். நல்லது, ஒரு வருடம் கழித்துப் போவதற்கு அது மேல்.

போன வருடம் ஒரு விஷயத்தை மேசைக்குக் கொண்டுவந்தோம்: ஒருவேளை முடியாமல் போனால்? தென் கரோலினாவில் கிளாமகோர் என்ற நீர்மூழ்கி நாற்பது வருடம் மியூசியமாக இருந்துவிட்டு 2022-ல் உடைக்கப் போனது. நம் ஊரில் விக்ராந்தை மும்பையில் மியூசியமாக வைத்திருந்து, பாதுகாப்பில்லை என்று 2012-ல் மூடி, 2014-ல் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் விட்டதை எல்லோரும் பார்த்தோம். மாமல்லபுரத்துக்கு வருவதாக இருந்த வாக்லி நீர்மூழ்கி, சென்னைத் துறைமுகத்தில் காத்துக் கிடந்ததோடு சரி. விசாகப்பட்டினத்தில் குர்சுரா மட்டும் 2002 முதல் கடற்கரை மணலில் நிம்மதியாக நிற்கிறது. தண்ணீரை விட்டு வெளியே எடுத்துவிட்டார்கள், பம்ப் தேவையே இல்லை. இதையெல்லாம் சொல்லி, நம்மிடமும் ஒரு முடிவுத் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றேன்.

அறையில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஒரு பெரியவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். சீஃப்தான் வேலையைத் தொடங்கி வைத்தார், அதுவும் உணர்ச்சிவசப்படாமல்: எந்தெந்தப் பொருளைக் கழற்ற எத்தனை ஆள், எத்தனை நாள் வேண்டும் என்று பேனாவை எடுத்தார். கப்பலின் மணி கடற்படைக்கே சொந்தம், நம்மிடம் இரவலாகத்தான் இருக்கிறது, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று முதல் வரியாக எழுதச் சொன்னார். இழுத்துப்போகும் செலவு, எண்ணெய்த் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் செலவு, அதற்கு எந்தப் பணத்தைத் தொடலாம் என்பதெல்லாம் அடுத்தடுத்து வந்தது. அந்தக் கோப்பை வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும் வேலையைப் போர்டில் கடைசியாகச் சேர்ந்தவரிடம் கொடுப்பது என்று முடிவாயிற்று. பழைய ஆட்களுக்கு அதைத் திறக்கவே கை வராது. இந்த வருடம் அது ஒரு பள்ளி ஆசிரியையிடம் இருக்கிறது. இழுவைப் படகுக்கு மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்டு எழுதியிருக்கிறார், ஒன்றிலிருந்துதான் இன்னும் பதில் வரவில்லை.